இம்ப்ளாண்ட் - 1 எண்ணம்

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தாச்சு. போன பதிவில் ஜி.எஸ்.டி. பற்றி மொக்கை போட்டதற்கு கிளாஸ் பசங்க நிறைய பேர் திட்டியிருந்தீர்கள். இந்த முறை மொக்கை இல்லை, கொஞ்சம் சீரியஸ் மேட்டர். பி.காம் படிக்கிறவனுக்கு இதயத்தைப் பற்றி என்னடா தெரியும் என்று கேட்கலாம். இதயத்தைப் பற்றி அதிகம் தெரியாதுதான். ஆனால் பில்லைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இது ஒரு பில்லைப் பற்றிய பதிவு.

என் சித்தி மகளுக்கு 19 வயது. பி.எஸ்சி. படிக்கிறாள். வகுப்பு மூன்றாவது மாடியில். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒழுங்கா சாப்பிட்டாத்தானே" என்று சித்தி திட்டுவாள். கல்லூரியில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, எக்கோ எடுக்கச் சொன்னார். எக்கோவில் தெரிந்தது, இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஓர் ஓட்டை. 18 மில்லிமீட்டர். பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது.

வீட்டில் ஒரே அழுகை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். இடது பக்கத்தில் இருக்கும் சுத்த ரத்தம் ஓட்டை வழியாக வலது பக்கம் கசிகிறது. அதனால் வலது பக்கமும் நுரையீரலும் தேவையில்லாமல் இரட்டை வேலை பார்க்கின்றன. இளவயதில் பெரிதாகத் தெரியாது. அப்படியே விட்டால் பின்னாளில் இதயம் வீங்கும், துடிப்பு தாறுமாறாகும், சிலருக்கு நுரையீரலில் அழுத்தம் ஏறி, ஓட்டையை அடைக்கவே முடியாத நிலை வரும். அதனால் இப்போதே அடைத்துவிடுவது நல்லது என்றார்.

சித்தி கேட்ட முதல் கேள்வி இது: "நெஞ்சைக் கிழிக்கணுமா டாக்டர்? தழும்பு தெரியுமா? நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆகணுமே..."

எவ்வளவு செலவு ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை. அவர் திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஒரு டஜன் ஸ்க்ரூவுக்கு 50 பைசா கூடச் சொன்னால் சப்ளையரிடம் அரை மணி நேரம் சண்டை போடுகிற மனுஷன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கிழிக்க வேண்டாம் என்றார் டாக்டர். தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய், அதன் வழியே ஒரு டிவைஸ் வைத்து அடைத்துவிடலாம். ஒரு மாதிரி டிவைஸை எடுத்துக் காட்டினார். கம்பி வலையால் செய்த இரண்டு தட்டுகள், நடுவில் ஒரு சின்ன இடுப்பு. சட்டையில் போடும் இரட்டை பட்டன் மாதிரி. டாக்டர் அதை இழுத்தார், கயிறு மாதிரி நீண்டது. விட்டார், மறுபடி பட்டன் ஆகிவிட்டது. சித்தப்பா கடைக்காரர் இல்லையா, வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூன்று பெண்கள்

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அசந்துவிட்டேன். மனித இதயத்தைத் திறந்து, உள்ளே கண்ணால் பார்த்துச் செய்த முதல் வெற்றிகரமான ஆபரேஷனே இந்த ஓட்டையை அடைக்கத்தான். 1952-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் என்ற டாக்டர் 5 வயதுப் பெண் குழந்தைக்குச் செய்தார். உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, அதற்குள் தைத்து முடித்தார். அடுத்த வருஷம், 1953 மே மாதம், ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினாரே, அதுவும் இதே ஓட்டைக்குத்தான். நோயாளி 18 வயதுப் பெண். 1975-ல் நியூ ஆர்லியன்ஸில் கிங், மில்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் நெஞ்சைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாக இரட்டைக் குடை மாதிரி ஒரு கருவியை அனுப்பி முதன்முதலாக அடைத்தார்கள். அந்த நோயாளியும் 17 வயதுப் பெண்!

மூன்று முதல்களும் பெண்களிடம்தான். இந்த ஓட்டை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறதாம். "கல்யாணம் ஆகணுமே" என்ற சித்தியின் கேள்வி எத்தனை வீடுகளில் கேட்கப்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1975-ல் வைத்த கருவிக்கான குழாய் ரொம்பத் தடிமன். அதனால் அந்த முறை பெரிதாகப் பரவவில்லை. நிலைமையை மாற்றியது கர்ட் ஆம்ப்ளாட்ஸ் என்ற எக்ஸ்ரே டாக்டர். ஆஸ்திரியாவில் பிறந்தவர், அதே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நிட்டினால் என்கிற நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவைக் கம்பியை வலையாகப் பின்னினார். இதை எப்படி இழுத்தாலும் விட்டவுடன் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதனால் மெல்லிய குழாய்க்குள் நீளமாக அடக்கி, இதயத்துக்குள் போனதும் பட்டனாக விரிய வைக்கலாம். ஒரு தட்டு சுவருக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம், இடுப்பு ஓட்டைக்குள். சரியாக உட்காரவில்லையா? மறுபடி குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்தது உறுதி என்றால்தான் கம்பியின் மரையைச் சுற்றிக் கழற்றிவிடுவார்கள். ஆமாம், ஸ்க்ரூதான்! 2001 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஓட்டையை நிரந்தரமாக மூடுவது அந்தக் கம்பி மட்டும் இல்லை என்பது. உள்ளே பாலியெஸ்டர் துணி இருக்கும். அதன்மேல் முதலில் ரத்தம் உறையும், பிறகு சில மாதங்களில் இதயத்தின் சொந்தத் திசுவே வளர்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை, சுமார் ஆறு மாதம், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை போட வேண்டும். கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவார்களே, அந்த மாதிரி. வேலையை முடிப்பது உடம்புதான். என்ன, இந்தச் சாரத்தைப் பிறகு பிரிப்பதில்லை.

பில் வந்தது

தங்கச்சிக்கு நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வாரத்தில் பரீட்சை எழுதினாள். தொடையில் ஒரு ஊசி குத்திய அடையாளம், அவ்வளவுதான். அந்த டாக்டருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. அதில் மாற்றுக்கருத்தே இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று பில் வாங்கப் போனவன் நான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு, சித்தப்பா அதற்குள் வரமாட்டார். எல்லாம் கைக்காசு, கொஞ்சம் நகைக்கடன். நாலு பக்க பில். பஞ்சு எத்தனை, கையுறை எத்தனை ஜோடி, ஊசி எத்தனை... எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வரியில் இருந்தது:

"இம்ப்ளாண்ட் - 1 எண்ணம்."

அவ்வளவுதான். கம்பெனி பெயர் இல்லை. அளவு இல்லை. எம்.ஆர்.பி. என்ன, இவர்கள் வாங்கிய விலை என்ன, எதுவும் இல்லை. கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன். "அது ஃபிக்ஸட் ரேட் தம்பி" என்றார். பக்கத்தில் நின்ற சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்து, "விடுறா, புள்ள நல்லாருக்கால்ல, அது போதும்" என்றார். ஸ்க்ரூவுக்கு 50 பைசா சண்டை போடும் அதே மனுஷன்!

அவர் மேல் தப்பில்லை. மகள் உயிர் பேரம் பேசுகிற விஷயம் இல்லை. ஆனால் எனக்கு அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் காஸ்டிங் சார் முதல் வகுப்பிலேயே சொன்னது: பெரிய தொகை ஒரே வரியில் இருந்தால் அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும்.

கம்பிக்கா இவ்வளவு காசு?

இந்த இடத்தில் ஒரு பக்கமாகப் பேசிவிடக் கூடாது. "சில கிராம் கம்பிக்கு இவ்வளவா?" என்று கேட்பது காமர்ஸ் படித்தவன் கேட்கிற கேள்வி இல்லை. கம்பியின் எடைக்கு யாரும் விலை வைப்பதில்லை. பல வருஷ ஆராய்ச்சி, மனிதர்கள் மேல் பரிசோதனை, தோற்றுப்போன மாதிரிகள், ஒரே ஒரு டிவைஸ் பழுதாகிவிட்டால் வரும் வழக்கு, எல்லாம் சேர்ந்துதான் விலை. இன்னொன்றும் உண்டு. இந்த டிவைஸ் 4 மி.மீ. தொடங்கி 40 மி.மீ. வரை பல அளவுகளில் வருகிறது. எந்த ஓட்டைக்கு எது பொருந்தும் என்பது உள்ளே போய் அளந்து பார்த்தால்தான் உறுதியாகும். அதனால் எல்லா அளவும் கைவசம் இருக்க வேண்டும். விற்காமல் கிடக்கும் சரக்குக்கும் செலவு உண்டு என்பது ஹார்டுவேர் கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

ஆக, விலை அதிகம் என்பது என் புகார் இல்லை. விலை அதிகமா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதுதான் என் புகார்.

சாதாரணச் சந்தையில் பொருளைத் தேர்ந்தெடுப்பவர், காசு கொடுப்பவர், பயன்படுத்துபவர் மூவரும் பெரும்பாலும் ஒரே ஆள். இங்கே தேர்ந்தெடுப்பவர் டாக்டர், காசு கொடுப்பவர் அப்பா, பயன்படுத்துபவள் மயக்கத்தில் இருக்கும் மகள். பெட்டியின் மேல் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கலாம். அந்தப் பெட்டியைப் பிரிப்பது கேத் லேபுக்குள்ளே. அப்பா நிற்பது வெளியே.

இப்படிப்பட்ட சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் கதை. 2017 தொடக்கத்தில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் (என்.பி.பி.ஏ.) கணக்குகளை வெளியிட்டபோது, கைமாறும் வழியில் லாபம் அதிகபட்சமாக 654 சதவீதம் வரை போயிருந்தது தெரிந்தது. 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விலை வந்தது. மருந்து தடவிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய், வரி தனி. அதற்கு முன் மருந்து தடவியது ஒரு லட்சத்தையும் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது. எல்லாரும் அந்த விலைக் குறைப்பைத்தான் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே உத்தரவில் இருந்த இன்னொரு ஷரத்து. ஸ்டென்ட்டின் விலையை மருத்துவமனை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும், பிராண்ட் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண் எல்லாம் போட வேண்டும் என்றது அந்த ஷரத்து.

ஸ்டென்ட்டுக்குப் போட முடிந்ததை ஓட்டை அடைக்கும் டிவைஸுக்கு ஏன் போட முடியாது? இரண்டும் ஒரே கேத் லேபில், பெரும்பாலும் அதே டாக்டர் கையால், உடம்புக்குள் வாழ்நாள் முழுக்க இருப்பதற்காக வைக்கப்படுகிறவைதானே?

உச்சவரம்பு மட்டும் போதுமா?

"அப்போ இதுக்கும் உச்சவரம்பு விலை போட்டா முடிஞ்சது" என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. 2017-ல் உச்சவரம்பு வந்ததும், அபாட் நிறுவனம் தன் உயர்ரக ஸ்டென்ட்கள் இரண்டை இந்தியச் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டது. (ஆம்ப்ளாட்ஸின் டிவைஸும் கைமாறிக் கைமாறி இப்போது அதே அபாட்டிடம்தான் இருக்கிறது. ஏ.ஜி.ஏ. மெடிக்கலை 2010-ல் செயின்ட் ஜூட் வாங்கியது, செயின்ட் ஜூடை 2017-ல் அபாட் வாங்கியது.) ஸ்டென்ட் லட்சக்கணக்கில் விற்கும் சரக்கு. ஒரு கம்பெனி போனால் இன்னொன்று வரும், உள்ளூர்க் கம்பெனிகளும் நிறைய. இந்த டிவைஸ் அவ்வளவு விற்காது. விலையை ரொம்ப அமுக்கினால், அபூர்வமான அளவுகளைக் கொண்டுவர யாரும் முன்வராமல் போகலாம். 34 மி.மீ. ஓட்டை உள்ளவர் அப்போது எங்கே போவார்?

அதனால் என் வரிசை இது: முதலில் வெளிச்சம், பிறகு போட்டி, கடைசியில்தான் உச்சவரம்பு.

வெளிச்சம் என்றால் நான் மேலே சொன்ன பில். அதோடு, ஆபரேஷனுக்கு முன்பே கைச்சாத்து வாங்கும் தாளில் எந்தெந்த கம்பெனி டிவைஸ் இருக்கிறது, என்னென்ன விலை என்று எழுதித் தர வேண்டும். டாக்டர் ஒன்றைச் சிபாரிசு செய்யட்டும். ஏன் என்று ஒரு வரி சொல்லட்டும். எங்களுக்கு அது போதும்.

போட்டி என்றால் உள்ளூர்த் தயாரிப்பு. முடியுமா என்று கேட்காதீர்கள், ஏற்கெனவே முடிந்திருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா செயற்கை வால்வை 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். நம் சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. அதே நிறுவனம் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தோடு சேர்ந்து நிட்டினாலில் ஓட்டை அடைக்கும் டிவைஸையும் உருவாக்கி, 2020-ல் அதன் தொழில்நுட்பத்தைப் புனேயில் உள்ள ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. ஆனால் பில்லில் கம்பெனி பெயரே இல்லை என்றால், குறைந்த விலையில் ஒருவன் கொண்டுவந்தாலும் அந்த லாபம் அப்பாவுக்குப் போகாது. வழியில் நிற்பவர்களுக்குத்தான் போகும். அதனால்தான் வெளிச்சம் முதலில் என்கிறேன்.

கடைசியாக, நம்ம பக்கம்

அவர்களை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. எகனாமிக்ஸ் பேப்பரில் விலை நெகிழ்ச்சி என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு விலை ஏறினாலும் வாங்குபவன் விலகமாட்டான் என்றால், விலை வைப்பவனுக்கு என்ன கவலை? உயிர் பயம் நம்மை அப்படி ஆக்குவது இயல்பு. அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் அன்று பேசியது உயிர் பயம் மட்டும் இல்லை. தழும்பு பயம். "எவ்வளவு ஆனாலும் சரி, தழும்பு மட்டும் வேண்டாம்" என்று சித்தி சொன்னபோதே, நாங்கள் எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அதே வார்டில் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். தங்கச்சியின் வயதுதான் இருக்கும். அவளுக்கு டிவைஸ் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டன் உட்கார வேண்டும் என்றால் ஓட்டையைச் சுற்றிப் பிடிமானத்துக்கு ஓரம் வேண்டும். அவளுக்கு ஓட்டை சுவரின் விளிம்பிலேயே இருந்தது. ஓரம் போதாத இடத்தில் வலிந்து வைத்தால் நழுவலாம், அபூர்வமாக இதயச் சுவரையே அரித்துவிடலாம். ஆபரேஷன்தான் அவளுக்குச் சரி. 1950-களிலிருந்து செய்து செய்து கை தேர்ந்த ஆபரேஷன் அது, நல்ல பலன் தருவது. ஆனால் அவள் அம்மா ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதது மகள் உயிருக்காக இல்லை. "இனி இவள யாரு கட்டுவா" என்றுதான் அழுதாள். சித்தி அவளுக்கு ஆறுதல் சொன்னாள். ஆனால் சித்தி முகத்தில் 'நல்லவேளை, நமக்கு அப்படி இல்லை' என்ற நிம்மதி எனக்கு நன்றாகவே தெரிந்தது. அது என்னவோ எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நெஞ்சைத் திறக்காமல் செய்வது நல்ல முறைதான். வலி குறைவு, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். தினக்கூலிக்காரருக்கு ஒன்றரை மாதச் சம்பளம் மிஞ்சும் என்றால் அதுவும் பெரிய காரணம். இந்தக் காரணங்களுக்காக அதைத் தேர்ந்தெடுங்கள். பெண் பார்க்க வருகிறவன் கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓரம் இல்லாத ஓட்டைக்கு இன்னொரு மருத்துவமனை, இன்னொரு டாக்டர் என்று "எப்படியாவது டிவைஸ் வைத்துவிடுங்கள்" என்று அலையாதீர்கள். இதைப் படிக்கிற பசங்களே, நாளைக்கு நமக்கும் பெண் பார்ப்பார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தால் முகம் சுளிக்காமல் இருக்கிற தைரியம் நமக்கு இருக்கிறதா? நம்மில் பாதிப் பேர் அப்படி இருந்தாலே இந்தச் சந்தையில் விலை கொஞ்சம் இறங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. :)

பில்லை மறுபடி கேட்டு வாங்கலாம் என்று சித்தப்பாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் செக்கப்புக்குப் போனபோது அவரே கவுண்டரில் கேட்டாராம். அரை மணி நேரம் நின்றாராம். கடைசியில் டிவைஸின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி பெயர், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கிறது. விலை மட்டும் இல்லை.

அந்த அட்டையைக் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "அடுத்த தடவை விலையும் கேக்கணும்டா" என்றார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. யாருக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். விலையையும் சேர்த்துக் கேளுங்கள்.